சுகர் 6.8, சரி, ஆள் எப்படி இருக்கிறார்?

விருதுநகரில் என் பெரிய மாமா இரும்புக்கடை வைத்திருக்கிறார். சுகர் வந்து பதினான்கு வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி என்ற சோதனை) 9 சதவீதத்தைத் தாண்டியது. இன்சுலின் போட ஆரம்பித்து, சோற்றைக் குறைத்து, விடியற்காலையில் நடந்து, ஒருவழியாக 6.8-க்குக் கொண்டுவந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "அருமை, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். உள்ளே போய் வெளியே வர மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். துணைக்குப் போன எனக்கே பெருமையாக இருந்தது.

அந்த வாரமே சொந்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மொய் எழுதிய கையோடு மாமா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடலையா மாமா?"

"நீ சாப்பிட்டு வா மாப்ளே. எனக்குக் கடையில வேலை இருக்கு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. அப்புறம் அத்தைதான் விஷயத்தைச் சொன்னார். பந்தியில் உட்கார்ந்தால், இலையில் ஜாங்கிரி விழுவதற்குள் யாராவது ஒருவர் "அவருக்கு வைக்காதீங்க, சுகரு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்துவிடுவார்களாம். சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியை எங்கே போய்ப் போடுவது என்பது இன்னொரு சங்கடம். மண்டபத்துக் கழிவறையில் ஈரத் தரையில் நின்றுகொண்டு ஒருமுறை போட்டதே போதும் என்று ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக அவர் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. நாங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை.

ராத்திரி கதை வேறு. ஒருநாள் நடுச்சாமத்தில், மீட்டரில் காட்டுகிற அந்த நேரத்து சுகர் 54-க்கு இறங்கி, பனியன் நனைய வியர்த்து, பேச்சு குழறிப்போயிருக்கிறது. அன்றிலிருந்து பசித்தாலும் பசிக்காவிட்டாலும் படுக்கும் முன் நாலு பிஸ்கட் சாப்பிடுகிறார். அத்தை இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அவர் நெற்றியில் கை வைத்து வியர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுக்கிறார்.

6.8 என்ற எண்ணுக்குள் இதெல்லாம் எங்கே இருக்கிறது? ரிப்போர்ட்டில் வராமல் போன இந்தப் பகுதியைத்தான் மருத்துவத்தில் வாழ்க்கைத் தரம் என்கிறார்கள்.

சொல்லில் ஒரு சிக்கல்

வாழ்க்கைத் தரம் என்றதும் மாடி வீடு, கார், பிள்ளைக்கு நல்ல ஸ்கூல் என்று வசதிக் கணக்குதான் நமக்கு நினைவுக்கு வரும். செய்தித்தாள்களும் அந்த அர்த்தத்தில்தான் எழுதுகின்றன. மருத்துவத்தில் அதற்குப் பொருள் வேறு. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இதற்கு ஒரு வரையறை வகுத்தது. சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: தான் வாழும் பண்பாட்டுக்குள் நின்றுகொண்டு, தன் இலக்குகள், எதிர்பார்ப்புகள், கவலைகள் எல்லாவற்றையும் வைத்து, தன் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று ஒருவர் தானே உணர்வது.

இதில் 'தானே' என்பதுதான் உயிர். டாக்டரோ மனைவியோ லேப் ரிப்போர்ட்டோ அவருக்குப் பதிலாக இதைச் சொல்ல முடியாது.

ஒரே நோய், ஒரே எண், ஆனால் இரண்டு பேருக்கு இரண்டு விதமான வாழ்க்கை. சர்க்கரையால் காலில் நரம்பு பாதித்து உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அது சமாளிக்கக்கூடிய தொந்தரவு. வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவருக்கோ, "இனி வெறுங்காலோடு ஓரடி நடக்கக் கூடாது" என்ற ஒரு வாக்கியம் வருஷத்தில் அவருக்கென்று இருந்த ஒரே பயணத்தைப் பறித்துவிடுகிறது. கண்ணில் விழித்திரை பாதிப்பு என்றால், காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவருக்கு அது தொழிலே போகிற சமாச்சாரம்.

இதை அளக்க அந்த நிறுவனம் ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. அதற்காக உலகில் பல ஊர்களைத் தேர்ந்தெடுத்து அந்தந்த மக்களிடமே பேசி உருவாக்கினார்கள்; அதில் சென்னையும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பக்கமும் தொட்டுக் கேட்கிறது. சுற்றுச்சூழல் என்றால் மரம் செடி மட்டும் இல்லை. கையில் காசு இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்குப் போய்வர முடிகிறதா என்பதும் அதில் அடக்கம்.

சர்க்கரைக்கென்றே சில கேள்விகள்

பொதுக் கேள்வித்தாளில் சர்க்கரை நோயின் தனித் தொல்லைகள் பிடிபடாது. இது ஒரு விசித்திரமான நோய். மற்ற நோய்களில் டாக்டர் வைத்தியம் பார்ப்பார். இதில் வருஷத்துக்கு நாலு தடவை டாக்டரைப் பார்ப்பதோடு சரி. மீதி நாளெல்லாம் நோயாளியேதான் டாக்டர், நர்ஸ், சமையல் ஆலோசகர் எல்லாம். இன்னொரு தோசை போடச் சொல்லலாமா, பஸ் தாமதமானால் என்ன செய்வது, விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று நாள் முழுக்க சின்னச் சின்ன முடிவுகள். லீவே கிடையாத வேலை.

இதைப் பிடிக்க 1995-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் பொலான்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 'பெய்டு' என்ற கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 20 கேள்விகள். சாப்பாட்டு விஷயத்தில் வஞ்சிக்கப்பட்ட மாதிரி இருக்கிறதா, சுகர் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறதா, இந்த ஓயாத பராமரிப்பில் அலுத்துப்போய்விட்டீர்களா என்கிற மாதிரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி 1.25-ஆல் பெருக்கினால் 100-க்கு இத்தனை என்று வரும். 40-க்கு மேல் போனால் மனச்சுமை கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். பத்து நிமிஷம்கூட ஆகாது.

லண்டனில் கிளேர் பிராட்லி உருவாக்கிய இன்னொரு கேள்வித்தாள் எனக்கு அதைவிடப் பிடிக்கும். அதன் உத்தி அழகானது. "உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லாமலிருந்தால் இந்த விஷயம் எப்படி இருந்திருக்கும்?" என்று முதலில் கேட்கிறது, "இந்த விஷயம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்று அடுத்துக் கேட்கிறது. இரண்டு பதிலையும் பெருக்குகிறது. பயணம் போக முடியவில்லை, ஆனால் எனக்குப் பயணமே பிடிக்காது என்கிறவருக்கு அது கணக்கில் பூஜ்யமாகிவிடும். பல நாடுகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்ததில் அடிக்கடி முதலிடத்துக்கு வரும் இழப்பு, இஷ்டப்பட்டதைச் சாப்பிடும் சுதந்திரம். பந்தியை விட்டு ஓடிய மாமா ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை.

சலிப்பு வேறு, மனச்சோர்வு வேறு

சர்க்கரை நோயாளி முகம் வாடியிருந்தால் டிப்ரெஷன் என்று முத்திரை குத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலருக்கு உண்மையிலேயே அது இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம்தான். ஆனால் அதைவிடப் பரவலாக இருப்பது நோயைச் சுமப்பதால் வரும் சலிப்பு. மனச்சோர்வில் எதிலுமே பிடிப்பு இருக்காது. சலிப்பில் ஆள் கலகலப்பாகத்தான் இருப்பார், கிரிக்கெட் பார்ப்பார், பேரனோடு விளையாடுவார்; குளுக்கோமீட்டரை எடுத்துக் காட்டினால் மட்டும் முகம் மாறும். இந்தியா உட்பட 17 நாடுகளில் நடந்து 2013-இல் வெளியான 'டான் 2' ஆய்வில், சர்க்கரை உள்ளவர்களில் சுமார் 45 சதவீதம் பேரிடம் இந்த நோய் சார்ந்த மனச்சுமை தெரிந்தது. மனச்சோர்வாக இருக்கலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் சுமார் 14 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள்.

சலிப்பு வெளியே தெரிகிற விதம் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். மீட்டர் பீரோவுக்குள் போய்விடும். மாத்திரை அட்டையில் ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள் மட்டும் மிச்சமிருக்கும். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின மூன்று நாள் மட்டும் கடும் பத்தியம் நடக்கும். இந்தப் பத்தியத்தில் வெறும் வயிற்று சுகர் வேண்டுமானால் ஏமாறும்; எச்பிஏ1சி ஏமாறாது. ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அத்தனை நாளில் அதில் ஒட்டிய சர்க்கரையை அந்தச் சோதனை கணக்கெடுத்துவிடுகிறது. படித்தவர்களும் இந்த மூன்று நாள் வித்தையைச் செய்கிறார்கள். ஏன்? திட்டு வாங்கப் பயம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மனிதர் ரேங்க் கார்டு காட்டப் போகிற பையன் மாதிரி க்ளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை ஒருமுறை பார்த்தால் போதும், இந்த நோயின் பாரம் எங்கே இருக்கிறது என்று புரிந்துவிடும்.

வீட்டிலும் அதே கதை. வீட்டுக்கு வீடு ஒரு சர்க்கரை போலீஸ். "அதை எடுக்காதே", "நேத்தே ரெண்டு சாப்பிட்டாச்சு", "அப்புறம் காலை எடுக்கணும்னு வரும், பாத்துக்கோ". எல்லாம் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அதன் விளைவாக மனிதர் டீக்கடையில் ஒளிந்து நின்று பஜ்ஜி சாப்பிடக் கற்றுக்கொள்கிறார்.

அப்படியானால் எண்ணை விட்டுவிடலாமா?

இதுவரை படித்துவிட்டு, "அதான் வாழ்க்கைத் தரம்தான் முக்கியம்னு சொல்லிட்டாங்களே, ரெண்டு லட்டு எடு" என்று யாராவது கிளம்பினால் நான் பொறுப்பில்லை. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த யு.கே.பி.டி.எஸ். ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தும் சிகிச்சையால் மட்டும் வாழ்க்கைத் தரம் குறைந்துவிடவில்லை. அதைக் குறைத்தவை நோயின் சிக்கல்கள்: கண், கால், சிறுநீரகம், இதயம் பாதிக்கப்பட்டவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். ஆக, இன்றைய கட்டுப்பாடு பத்து வருஷம் கழித்து நம் காலில் நாமே நடப்பதற்கான சேமிப்பு.

ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வருஷத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ தாழ்சர்க்கரை வந்தவர்களிடம் பதற்றம் கூடியிருந்தது, மனநிலை கெட்டிருந்தது. இந்த ஓரிடத்தில்தான் எண்ணும் வாழ்க்கையும் நேருக்கு நேர் மோதுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. நம் ஊர்ப் பேச்சில் 'லோ சுகர்'. 54-க்குக் கீழே போனால் அலட்சியப்படுத்தவே கூடாது. படபடப்பு, கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அறிகுறிகள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி ஒருமுறை. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட வேண்டும். இன்சுலினும் கிளிமிபிரைடு வகை மாத்திரைகளும்தான் பெரும்பாலும் இதைக் கொண்டுவருபவை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது அபூர்வம்.

அந்த நேரத்து லோ சுகர் இப்படிக் கைவைத்தியத்தில் சரியாகிவிடும். அதற்குப் பிறகு ஒட்டிக்கொள்ளும் பயம்தான் லேசில் போகாது. அந்தப் பயத்தில் சிலர் இன்சுலினைக் குறைத்துப் போடுகிறார்கள், சிலர் மாமா மாதிரி பிஸ்கட்டைத் தின்கிறார்கள், சிலர் தனியாக பஸ் ஏறுவதையே விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை, அவர் கேட்காததால். வயதானவர்களுக்கும், வேறு நோய்கள் உள்ளவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் வருகிறவர்களுக்கும் மூன்று மாதச் சராசரி 7-க்குப் பதிலாக 8 வரை இருந்தால் போதும் என்று சர்வதேச வழிகாட்டுதல்களே இடம் கொடுக்கின்றன. 6.8 எல்லோருக்கும் பரிசு இல்லை. சிலருக்கு அது ஆபத்தான விளிம்பு.

வாய்விட்டுச் சொல்லாதவை

க்ளினிக்கில் பேசப்படாத பட்டியல் பெரிது. ராத்திரி போர்வை உரசினாலே பாதம் எரிவது. தோள்பட்டை இறுகிப்போய் சட்டை மாட்ட, ஜடை பின்னக் கை தூக்க முடியாமல் போவது. சர்க்கரை நோயில் இது சகஜம் என்பது பலருக்குத் தெரியாது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். ஆண்களுக்கு வரும் விறைப்புக் குறைபாடு நரம்பும் ரத்தக்குழாயும் சம்பந்தப்பட்டது, வைத்தியம் இருக்கிறது, இதய நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். ஆனால் அதை டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, மாதத்தில் ஒருநாள் ஊருக்கு வந்து லாட்ஜில் ரூம் போடும் வைத்தியரிடம் போய்ப் பணத்தை விடுகிறார்கள். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் திரும்பத் திரும்ப வருவது ஆண் டாக்டரிடம் சொல்லப்படுவதே இல்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்று. சர்க்கரை உள்ள அப்பாவுக்கு வீட்டில் தனிச் சமையல் நடக்கும். சர்க்கரை உள்ள அம்மா, எட்டு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிவிட்டு, பத்தரை மணிக்கு மிச்சமிருக்கும் இட்லியோடு உட்காருவார். நடுவில் தலை சுற்றும். "வயசாச்சுல்ல" என்பார். அது வயசு இல்லை, லோ சுகர். அவருடைய வாழ்க்கைத் தரத்தைக் கூட்ட புது மருந்தெல்லாம் வேண்டாம்; மாத்திரைக்குப் பின்னால் அரை மணிக்குள் யாராவது அவரை உட்கார வைத்துப் பரிமாறினால் போதும்.

உடலில் இன்சுலினே சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரையோடு வளர்ந்து பெரியவர்களானவர்களின் பாடு தனி. கல்யாணப் பேச்சு வரும்போது சொல்வதா மறைப்பதா என்று குடும்பமே கூடி விவாதிக்கும். மறைத்துக் கட்டிவைத்தால், புது வீட்டில் இன்சுலினை எங்கே ஒளிப்பது என்பதிலேயே முதல் மாதம் ஓடும். இவர்களுக்குப் பிரிட்டனில் ஒரு பயிற்சி இருக்கிறது, பெயர் 'டாஃப்னே'. ஐந்து நாள் உட்கார வைத்து, சாப்பாட்டில் மாவுச்சத்தை எண்ணவும், அதற்கேற்ப இன்சுலின் அளவைத் தாங்களே மாற்றவும் கற்றுக்கொடுக்கிறார்கள். ஊசிக்குத் தகுந்தபடி சாப்பிடுவதை நிறுத்தி, சாப்பாட்டுக்குத் தகுந்தபடி ஊசி போடுவது. 2002-இல் வந்த அதன் முடிவுகளில் சர்க்கரைக் கட்டுப்பாடும் மேம்பட்டது, சாப்பாட்டுச் சுதந்திரமும் கூடியது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

பணமும் தூரமும் மறக்கக் கூடாதவை. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை இருப்பதாக, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்நின்று நடத்தி 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொன்னது. அதில் நாள்கூலிக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! மாத்திரை இலவசம்தான், ஆனால் வாங்க வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இதை மருந்து விநியோகமாக மட்டும் பார்க்கிறோம். அந்தக் கூலிக்காரருக்கு அது மாதத்தில் ஒருநாள் திரும்பக் கிடைப்பது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த 20 கேள்விகளையும் எனக்குத் தெரிந்த தமிழில் அவரிடம் கேட்டேன். முதல் ஐந்துக்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். லோ சுகர் பயம் பற்றிய கேள்விக்கு அடுக்களையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார், "நாலு போடு." அப்புறம்தான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்து ஒழுங்காகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். கூட்டிப் பெருக்கினால் 51.25 வந்தது. அந்தத் தாளையே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனார். அவரும் நல்ல மனிதர்தான், கேட்க நேரமில்லாத மனிதர். படித்துவிட்டு, ராத்திரி இன்சுலினைக் குறைத்தார். வயிற்றில் சட்டைக்குள்ளேயே பேனா ஊசி போட்டுக்கொள்வது எப்படி என்று நர்ஸைக் காட்டச் சொன்னார்.

இப்போது மூன்று மாதச் சராசரி 7.3. ஆவணியில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் என் பக்கத்து இலை அவருடையது. பாதி ஜாங்கிரியை என் இலைக்குத் தள்ளினார், பாதியைத் தின்றார். பிஸ்கட் பாக்கெட் கடைப் பையன்களுக்குப் போய்விட்டது. அத்தை அலாரம் வைப்பதில்லை. மாமா மட்டும் இன்னும் இரண்டு மணிக்கு எழுகிறார், ஒண்ணுக்குப் போக. அதற்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.